15 கினிக்குப் போன இசை

கூலிக் கணக்கு ஒன்று சொல்கிறோம், கேளுங்கள் தோழர்களே! 1898 ஆம் ஆண்டு, ஹயவாதாவின் திருமண விருந்து என்ற இசைப்படைப்பை இயற்றினார் ஓர் இளைஞர். வயது 23. பதிப்பகத்தார் கொடுத்தது 15 கினி. அத்தோடு உரிமையும் போயிற்று. பிரிட்டன் முழுதும் பாடகர் குழுக்கள் அதனைப் பாடித் தீர்த்தன; அச்சுப்படிகள் ஆயிரம் ஆயிரமாய் விற்றன. இயற்றியவருக்கோ மேற்கொண்டு ஒரு காசில்லை!

அவர்தான் சாமுவேல் கோல்ரிட்ஜ் டெய்லர். 1875 இல் இலண்டனில் பிறந்தவர். தாய் வெள்ளை மாது. தந்தையோ சியரா லியோனிலிருந்து மருத்துவம் பயில வந்த கறுப்பர்; மகன் பிறக்குமுன்பே ஆப்பிரிக்கா திரும்பிவிட்டார். பிள்ளைக்கு அவர் விட்டுச் சென்றது நிறம் ஒன்றுதான். பிடிலைக் கையில் கொடுத்தவர், குதிரைக்கு லாடம் அடித்துப் பிழைத்த பாட்டனார். 15 வயதில் அரச இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

பிறந்தது இலண்டன், வளர்ந்தது குரோய்டன், பேசியது ஆங்கிலம். தெரு அவரைத் தன்னவர் என்று ஏற்றதா? இல்லை! நிறத்தைச் சொல்லிக் கேலி பேசும் வாலிபர் கூட்டம் எதிரே வந்தால், உடன் வரும் சிறுமகளின் கையை நோகுமளவுக்கு இறுகப் பற்றிக்கொள்வாராம். மகளே பிற்காலத்தில் எழுதிவைத்த செய்தி இது. மண்டபத்திலே கைதட்டிய ஊர்தான் தெருவிலே இப்படி நடந்துகொண்டது.

நிறத்தை மறந்துவிட்டு வெள்ளையரோடு வெள்ளையராய் இசை எழுதியிருக்கலாம். அவர் செய்தது வேறு. கண்ணால் காணாத தந்தை நாட்டைக் காதால் தேடினார்! அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் கடல் கடந்து வந்து பாடிய அடிமைக் காலப் பாடல்கள் அவரை ஆட்கொண்டன. கறுப்பினக் கவிஞர் டன்பரின் கவிதைகளுக்கு இசையமைத்தார். 1900 இல் இலண்டனில் கூடிய அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டில் பங்கு கொண்டார். 1905 இல், ஆப்பிரிக்க மெட்டுகளையும் அமெரிக்கக் கறுப்பின மெட்டுகளையும் பியானோவுக்கு ஆக்கி, 24 நீக்ரோ மெட்டுகள் என்று அந்நாளைய வழக்கில் பெயரிட்டு வெளியிட்டார்.

உறவு எங்கிருந்து வந்தது தெரியுமா? வாஷிங்டன் கறுப்பின மக்கள், 1901 இலேயே அவர் பெயரால் ஒரு பாடகர் குழு அமைத்துவிட்டார்கள். 1904 இல் அவரே சென்று அக்குழுவை நடத்தினார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகையில் வரவேற்றார்.

ஊர் திரும்பினால் மீண்டும் அதே உழைப்பு: பாடம் சொல்லிக்கொடுப்பது, போட்டிகளுக்கு நடுவராய் அலைவது, இரவில் எழுதுவது. 1912 இல் மேற்கு குரோய்டன் ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தார். நிமோனியா. செப்டம்பர் 1 அன்று உயிர் பிரிந்தது, வயது 37. மனைவிக்கும் இரு பிள்ளைகளுக்கும் உதவ நிதிக் கச்சேரி நடத்தவேண்டியதாயிற்று. இசையமைப்பாளர்களுக்கு உரிமைத்தொகை திரட்டித்தரும் சங்கம் பிரிட்டனில் அமைந்தது 1914 இல். அந்த 15 கினிக் கதை அதற்கு முன் பலர் வாயிலும் அடிபட்டிருந்தது.