டோசன் என்னும் புவிச்சரிதவியலறிஞர்

உடலின் குறை உள்ளத்தின் ஊக்கத்தைத் தடுக்காது என்பதற்குக் கனடா நாட்டு ஜோர்ஜ் மேர்சர் டோசன் அவர்களின் வாழ்க்கை நல்ல சான்றாகும். ஆயினும் அவரை நான் போற்றுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பாறைகளை ஆராயச் சென்ற அவர், அழிவின் வாயிலில் நின்ற மரச்சிற்பங்களின் வடிவைப் பின்வந்தோர்க்கு வைத்துச் சென்றார்.

டோசன் 1849ஆம் ஆண்டு நோவா ஸ்கோஷியா மாகாணத்திற் பிறந்தார். தந்தையார் வில்லியம் டோசன் மொன்றியலிலுள்ள மக்கில் கல்விக்கழகத்தின் தலைவராக விளங்கியவர். மைந்தரைப் பத்து அகவையளவில் முள்ளந்தண்டைப் பற்றும் காசநோய் வருத்திற்று. உயிர் தப்பினாரேனும் முதுகு கூனிற்று, வளர்ச்சியும் நின்றது. வாழ்நாள் முழுவதும் அவர் உயரம் ஒரு சிறுவனின் உயரமே. பெரும்பாலும் வீட்டிலிருந்தே கற்ற அவர், பின்னர் இலண்டன் சென்று சுரங்கக் கல்லூரியிற் பயின்று, 1872இல் சிறப்புடன் தேறினார். 1875இல் கனடாவின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்திற் சேர்ந்தார்.

1878ஆம் ஆண்டுக் கோடையில், பசுபிக் கரைக்கு அப்பாலுள்ள இராணி சார்லற் தீவுகளை ஆராய்தற்கு அவர் அனுப்பப்பட்டார். ஹைடா மக்களின் தாயகம் அது. 2010 முதல் அவர்கள் மொழிப்படியே ஹைடா குவாய் என வழங்குகின்றது. பாறையும் நிலக்கரியும் பற்றி அறிதலே டோசனின் கடமை. ஆனால் ஸ்கெடன்ஸ், ஸ்கிடிகேட், மாசெற் முதலிய ஊர்களின் கடற்கரையில் வீடுகளின் முன்னே நிரைநிரையாக நின்ற தூண்கள் அவரைக் கவர்ந்தன.

அவை செந்தேவதாரு மரத்திற் செதுக்கப்பட்டவை. வழிபடு தெய்வங்களென அவற்றைக் கருதுதல் பிழை. காகம், கழுகு, கரடி, திமிங்கிலம் முதலிய உருவங்கள் குடிகளின் சின்னங்கள். தாய்வழி வரும் உரிமையையும் முன்னோர் வரலாற்றையும் உணர்த்துவன. சில, வீட்டின் முகப்பிலே நிற்பன. சில, இறந்தோர் நினைவாக எழுந்தன. வேறு சில, இறந்தோரின் எச்சத்தைப் பேழையில் வைத்து உச்சியில் தாங்கின. எழுத்தில்லாத மக்களுக்கு மரமே ஏடாயிற்று எனலாம்.

ஆனால் அவ்வூர்களுட் பல ஏற்கெனவே வெறிச்சோடத் தொடங்கியிருந்தன. 1862இல் விக்ரோறியா நகரிலிருந்து பரவிய அம்மை நோய் ஹைடா மக்களைப் பெருவாரியாக மாய்த்திருந்தது. கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் சுமந்து செல்லும் அக்காலத்துத் தொல்லையைப் பொருட்படுத்தாது, டோசன் ஊர்தோறும் படம் பிடித்தார். வீடுகளையும் தூண்களையும் எண்ணிக் குறித்தார். ஹைடா மொழிச் சொற்களையும் தொகுத்தார். 1880இல் வெளியான அறிக்கையில், பாறைகளைப் பற்றிய பகுதியோடு அம்மக்களைப் பற்றிய நெடிய பின்னிணைப்பும் இடம்பெற்றது.

அப்படங்களின் அருமை பின்னரே விளங்கிற்று. தூண் நாட்டுதலோடு இணைந்த பொட்லாச் என்னும் கொடை விழாவைக் கனடா அரசு 1884இற் சட்டமியற்றித் தடுத்தது. தடை 1951இலேயே நீங்கிற்று. நின்ற தூண்கள் மழையில் உக்கின. பல அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. டோசனும் அப்பயணத்திற் பொருள்கள் சேகரித்தவரே. அவர் பணிபுரிந்த அரசே தடையையும் விதித்தது என்னும் முரணை நாம் மறத்தலாகாது.

டோசன் 1895இல் திணைக்களத்தின் தலைவரானார். 1901 மார்ச் மாதம், ஐம்பத்தோரகவையில் ஒற்றாவாவிற் காலமானார். யூக்கன் பகுதியிலுள்ள டோசன் நகர் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

1969இல் றொபேட் டேவிட்சன் என்னும் இருபத்திரண்டு வயது ஹைடா இளைஞர் மாசெற்றில் ஒரு தூணைச் செதுக்கி நாட்டினார். அவ்வூரில் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின் எழுந்த முதற்றூண் அது. அவர், புகழ்பெற்ற சிற்பி சாள்ஸ் எடன்ஷோவின் வழித்தோன்றல். படம் தூணை எழுப்பாது. எழுப்புவது மரபறிந்த கையே. ஆயினும் அக்கடற்கரைகள் முன்னர் எவ்வாறு பொலிந்தன என்பதை அறிய விரும்புவார்க்கு, டோசனின் கண்ணாடித் தகடுகள் இன்றும் விடை கூறுகின்றன. தம் கடமைக்கு அப்பாற்பட்டதையும் கண்ணாரக் கண்டு செவ்வனே பதிந்து வைத்தல் எத்துணைப் பெரும்பணி என்பதை நம் மாணாக்கர் அவரிடம் கற்பாராக.