கோபாலகிருஷ்ண பாரதியாரும் நந்தனின் ஆட்டமும்

திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலில் நம்மவர் உழைப்பு எவ்வளவு கலந்துள்ளது என்பதை நம் இளைஞர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆதனூர் நந்தனாரும் தோலோடு வாழ்ந்தவரே. கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர் அவர் என்று பெரியபுராணம் கூறுகிறது. கொடுத்த பொருள் உள்ளே சென்றது. கொடுத்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். அங்கே அவர் வாளா நிற்கவில்லை, அன்பு மிகுதியால் ஆடினார், பாடினார் என்கிறார் சேக்கிழார். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின், அந்த ஆட்டத்தைத் தமிழ்நாடெங்கும் அறியச் செய்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், இசையறிந்த அந்தணர் குடும்பத்தில் அவர் பிறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மாயூரத்தை அடுத்துள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தார். ஊரின் பெயரிலேயே கூத்து இருப்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக! தஞ்சை மண்ணின் பண்ணைகளில் அடிமைப்பட்டுக் கிடந்த உழவர்களை அவர் நாள்தோறும் கண்டிருக்க வேண்டும். அதனால்தான் பெரியபுராணத்தில் இல்லாத ஒருவரைத் தம் 'நந்தனார் சரித்திர'த்தில் புகுத்தினார். நிலவுடைமையாளராகிய வேதியரே அவர். தில்லைக்குச் செல்ல நந்தன் அவரிடம் விடை கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர்.

நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. மதிலுக்குள்ளே இறைவன் ஆடிக்கொண்டிருக்கிறான். அவ்வாட்டத்தைக் காண ஏங்கும் நந்தனோ பண்ணை வரப்பிலும் கோயில் வாயிலிலும் ஆடுகிறான். இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே நிற்பவை ஒரு மதிலும் ஒரு பண்ணையாரின் அனுமதியும் மட்டுமே. பாரதியார் கீர்த்தனைகளோடு நில்லாமல், பாமரர் அறிந்த நொண்டிச்சிந்தையும் கையாண்டார். நொண்டி நாடகத்தில் ஒற்றைக் காலால் ஆடிப் பாடுவதற்கென்று அமைந்தது அது. சிந்து அமர்ந்து கேட்கும் பாட்டன்று; கேட்போர் காலையும் அசைக்கும் பாட்டு.

புலவருலகம் அதனை எளிதில் ஏற்றுவிடவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழைகள் உள்ளன என்று சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார். பின்னர்ப் பாடலைக் கேட்டு மனம் உருகியே வழங்கினார். காரைக்காலில் இருந்த சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் நூல் அச்சேறியது.

குறையையும் நாம் மறைக்கலாகாது. சேரி மக்களின் சொந்த வழிபாடும் பறையும் ஆட்டமும் இந்நூலில் விட்டொழிக்க வேண்டியவையாகவே காட்டப்படுகின்றன. நாற்பது வேலியும் ஓரிரவில் தெய்வ அருளால் விளைந்துவிடுகிறது. வேதியரும் நந்தன் காலில் விழுகிறார். ஆயினும் தில்லைக்குள் நுழைய நந்தன் தீயில் இறங்கியாக வேண்டும். உள்ளே இருந்தவர் எவரும் எதிலும் இறங்கவில்லை.

கதாகாலட்சேபத்திலிருந்து நாடக மேடைக்கும், அங்கிருந்து திரைக்கும் நந்தன் வந்தான். 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அப்படம் வெளிவந்தபோது மதுரை மீனாட்சியம்மன் கோயில் நமக்குத் திறக்கவில்லை. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் அதனுள் சென்றது 1939 ஜூலை 8-ஆம் நாள்தான். படத்தில் நந்தனுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் எத்தனை பேர் அந்த நான்கு ஆண்டுகளில் வாயிலைப் பற்றி நினைத்தார்களோ!

பாரதியாரின் சரித்திரத்தைத் தழுவியே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபத்தை அமைத்தார். உடுமலை நாராயணகவி அதற்குத் துணைநின்றார். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. சேரியில் பிறந்த கிந்தன் தில்லைக்குப் போக விடை கேட்கவில்லை. படிப்பதற்காக ரயிலேறிப் பட்டணம் போகிறான். மெட்டும் ஆட்டமும் பழைய நந்தனுடையவைதாம். தீக்குழி மட்டும் அக்கதையில் இல்லை.