எண்ணிக்கை சொல்லும் உண்மை

சாலிம் அலியின் வாழ்வைப் பறவை நேசரின் கதையாகவே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். வனங்களை ஆள்வோர் கற்க வேண்டிய பாடமும் அதில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

1896-ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த அவர், மூன்று வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய, கழுத்தில் மஞ்சள் தீற்றல் கொண்ட குருவியின் பெயரறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அதுவே அவரது பாதையானது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசுப் பணி கிட்டவில்லை. பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசெமனிடம் பயின்று திரும்பி, செலவை மட்டும் ஏற்றால் போதும் என்று சமஸ்தானங்களிடம் கேட்டுப் பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கினார்.

1933-ஆம் ஆண்டு திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்கு வந்தார். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் அடங்கியிருந்தது. எவ்விடத்தில் எந்தப் பறவை என்று அவர் பதிந்து வைத்த குறிப்புகள் இன்றும் ஒப்பீட்டுக்கு அடித்தளம். அவர் பரிந்துரைத்த தட்டேக்காடு 1983-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமானது. 2009-ஆம் ஆண்டு கேரளத்தில் ஆய்வாளர்கள் அவர் சென்ற வழியே மீண்டும் சென்று, முக்கால் நூற்றாண்டு மாற்றத்தை அளந்தனர்.

அவர் வாழ்வின் கடினமான அத்தியாயம் ராஜஸ்தானின் பரத்பூரில் நிகழ்ந்தது. கேவலாதேவ் சதுப்புநிலத்தில் எருமைகள் மேய்வது பறவைகளுக்குக் கேடு என்று அவரும் கருதினார். 1982-ஆம் ஆண்டு மேய்ச்சல் தடை செய்யப்பட்டது; எதிர்த்த கிராமத்தினர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். ஆனால், அவர் சார்ந்த கழகமே 1980-ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எருமைகள் இல்லாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. மீன்களும் நீர்ப்பறவைகளும் குறைந்தன. இறுதி அறிக்கை வருமுன்பே, 1987-ஆம் ஆண்டு, அவர் மறைந்துவிட்டார்.

மாமேதையின் கணிப்பையும் அளவீடு திருத்தும் என்பதே இதன் பொருள். அந்த அளவீட்டுக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தவரும் அவரே. தடைக்கு முன்பே அதன் முடிவு கிடைத்திருந்தால், சில உயிர்களாவது தப்பியிருக்கும்.

குமரி மாவட்டத்தில் 2008-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. காணிக்காரர் குடியிருப்புகளும் இம்மலைகளில் உண்டு. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. ஆண்டுதோறும் பறவைகளை எண்ணுகிறோம், நன்று. அந்த எண்கள் கோப்பில் உறங்காமல், நீர்மட்டம், மேய்ச்சல், களைச்செடி, காணிக்காரரின் வன உரிமை ஆகியவை குறித்த முடிவுகளுக்கு வழிகாட்ட வேண்டும். பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் சொல்வேன்: கணக்கெடுப்புக்கு ஆகும் செலவு சிறிது, கணக்கில்லாமல் எடுக்கும் முடிவின் விலையைக் கொடுப்பவர்களோ வனத்தோரத்து ஏழைகள்.