ஹோம்ஸ் ‘இறந்த’ அடுத்த ஆண்டே தமிழுக்கு வந்த துப்பறிவாளர்: யார் இந்த நடேச சாஸ்திரி?

திருப்பதியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வரும்போது மொபைலில் அகதா கிறிஸ்டியோ, ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனோ படிக்கிறவரா நீங்கள்? தமிழில் இந்தப் பழக்கத்தின் தொடக்கத்தைத் தேடினால் ராஜேஷ்குமார், சுஜாதா, தமிழ்வாணன் எல்லோரையும் தாண்டி 1894க்குப் போக வேண்டும்.

‘தானவன்’ வெளியானது அந்த ஆண்டில்தான். எழுதியவர் பண்டித ச.ம. நடேச சாஸ்திரி. ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் விழவைத்து கோனன் டாயில் கதையை முடித்தது 1893 டிசம்பரில். அடுத்த வருஷமே தமிழுக்கு ஒரு துப்பறிவாளர் கிடைத்துவிட்டார்.

கல்வெட்டும் கதையும்

சாஸ்திரி 1859ல் பிறந்தவர். சொந்த ஊர் திருச்சி பக்கம் சங்கேந்தி. தொல்லியல் துறையில் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் வேலை பார்த்தார். பிறகு பதிவுத்துறைக்கு மாறினார்.

ஆனால், அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது நாட்டுப்புறக் கதைகள். தென்னிந்தியக் கதைகளைத் திரட்டி 1884 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தெனாலிராமனையும் 1900ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். ஒற்றர்களும் ஒரு முத்திரை மோதிரமும் கதையை நகர்த்தும் ‘முத்ராராட்சசம்’ என்ற சமஸ்கிருத நாடகத்தைத் தமிழில் கதையாக எழுதியவரும் இவர்தான். அந்த மோதிரத்தைத் துப்பறியும் கதையின் தடயம் என்றே சொல்லலாம்.

டோனவன் எப்படி தானவன் ஆனார்?

அன்று பிரிட்டனில் ஹோம்ஸுக்குப் போட்டியாக ஓடியது டிக் டோனவன் கதைகள். கிளாஸ்கோ நகரத் துப்பறிவாளரான அவரை உருவாக்கியவர் ஜே.இ. பிரெஸ்டன் மடக். அந்த டோனவனைத்தான் சாஸ்திரி தானவன் ஆக்கினார். தானவன் என்றால் அசுரன்! போலீஸ்காரருக்கு அசுரன் என்று பெயர் வைக்கத் தனி தைரியம் வேண்டும். ‘துப்பறிவாளர்’ என்ற சொல்லும் அப்போது நிலைபெறவில்லை. அதனால் நூலின் பெயரில் தானவன் ஒரு ‘போலீஸ் நிபுணன்’.

அப்படியானால் இது காப்பியா? இன்றைய அளவுகோலில், தழுவல். அதை மறைக்கத் தேவையில்லை. இங்கே என் ஊகம் ஒன்று: பத்து வருஷமாக ஆசிரியர் பெயரே இல்லாத கதைகளோடு வாழ்ந்தவர் அவர். ஒருவர் சொன்ன கதையை இன்னொருவர் தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்வது அவருக்கு இயல்பாகவே பட்டிருக்கும். டோனவனையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

1900க்குப் பிறகு ‘தீனதயாளு’, ‘மதிகெட்ட மனைவி’, ‘மாமி கொலுவிருக்கை’ என்று குடும்ப நாவல்கள் பக்கம் போய்விட்டார்.

குதிரை மிதித்த முடிவு

1906ல் ஒரு கோயில் திருவிழாவில் மிரண்ட குதிரை மிதித்து சாஸ்திரி இறந்தார். 50 வயதுகூட ஆகவில்லை. ‘இந்தியன் ஃபோக் டேல்ஸ்’ என்ற அவருடைய தொகுப்பு அவர் இறந்த பிறகு 1908ல் வந்தது.

துப்பறியும் கதையைப் பிறகு பெரிய சந்தையாக்கியவர்களில் ஒருவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஹோம்ஸை ‘ஆனந்தஸிங்’ ஆக்கியவர். அவருடைய ஆரணி அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911 வரை அந்த மாவட்டத்தின் தலைநகர் வேலூர் இல்லை, சித்தூர்.