கடலின் மூச்சை அளந்த கீலிங்

சார்லஸ் டேவிட் கீலிங் 1928-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் அமெரிக்காவில் ஸ்க்ரான்டன் என்ற ஊரில் பிறந்தார். வேதியியல் படித்தார். பியானோவும் நன்றாக வாசிப்பார். ஆனால் அவர் பேரைச் சொன்னால் ஞாபகம் வருவது ஒரு வாயுதான், கார்பன் டை ஆக்சைடு.

1955-இல் கலிபோர்னியா கடற்கரையில் பிக் சர் என்ற காட்டில் தங்கினார். ராத்திரி பகல் பார்க்காமல் சில மணிக்கு ஒருதடவை எழுந்து, 5 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடிச்சு வைப்பார். அதை அளக்கும் கருவியையும் அவரே செய்தார். மரஞ்செடிகள் சுவாசிப்பதால் ராத்திரியில் அளவு கூடும். ஆனால் பல இடங்களுக்குப் போய் எடுத்தாலும் மத்தியான அளவு ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. பத்து லட்சம் பங்கு காற்றில் 310 பங்கு!

1956-இல் ஸ்கிரிப்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1958 மார்ச்சில் ஹவாய் தீவில் மவுனா லோவா எரிமலை மேலே, சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், இவருடைய அளவீடு தொடங்கியது. முதல் அளவு 313. மே மாதம் வரை ஏறியது, அப்புறம் இறங்கிடுச்சு. அவருக்கே கவலை வந்துவிட்டது. மறு வருசமும் அதே மாதிரி ஆனபோதுதான் விசயம் புரிந்தது. பூமியின் வடபாதியில் கோடையில் செடிகொடிகள் தழைத்து வாயுவை இழுக்கின்றன, குளிர்காலத்தில் திரும்ப விடுகின்றன. ஆனால் ஒவ்வொரு வருச உச்சமும் முந்தின வருசத்தைவிட உயரம்.

இவ்வளவு கண்டுபிடித்தும் பணம் தரத் தயங்கினார்கள். 1964-இல் சில மாதம் அளவீடே நின்றுபோனது. அந்த இடைவெளி இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. எனக்கு அதைப் படிக்கும்போது கோபம்தான் வந்தது. அவர் விடவில்லை.

கடலையும் அவர் விடவில்லை. 1983 முதல் பெர்முடா தீவுக்குப் பக்கத்துக் கடல் தண்ணீரை பாட்டிலில் வரவழைத்து அளந்தார். ஒரு சோடா பாட்டிலை நினைச்சுப் பாருங்க. ஜில்லென்று இருந்தால் வாயு உள்ளேயே இருக்கும், சூடானால் புஸ்ஸென்று வெளியேறும். அங்கே கடலும் அப்படித்தான். குளிர்காலத்தில் காற்றிலிருந்து வாயுவை இழுக்கிறது, கோடையில் கொஞ்சம் திருப்பி விடுகிறது. ஆனால் இங்கேயும் மொத்த அளவு வருசா வருசம் ஏறுது. அதனால் தண்ணீரின் அமிலத்தன்மை கூடுகிறது. சிப்பிக்கு ஓடு கட்டுவதும் பவளம் வளர்வதும் கஷ்டமாகிறது.

2005 ஜூன் 20-இல் கீலிங் மாரடைப்பால் இறந்தார். அவர் மகன் ரால்ஃப் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். 2022 நவம்பரில் மவுனா லோவா வெடித்து எரிமலைக் குழம்பு மின்கம்பிகளைச் சாய்த்தபோது, பக்கத்து மலையான மவுனா கேயாவில் கருவி வைத்து அளந்தார்கள். 2025 மே மாத அளவு 430-ஐத் தாண்டியது.