அல்ஹம்ராவின் மாணவர் எஷர்

பள்ளியில் கணக்குப் பாடத்தில் பின்தங்கிய ஒருவரின் படைப்புகளைக் காணக் கணிதப் பேரறிஞர்கள் திரண்டு வந்தனர் என்றால் வியப்பன்றோ? அவ்வியப்புக்குரியவர் டச்சு நாட்டுக் கலைஞர் மௌரிட்ஸ் கொர்னேலிஸ் எஷர்.

நெதர்லாந்தின் லேயுவார்டன் நகரில் 1898ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் பொறியாளர் ஒருவரின் கடைசி மகனாக அவர் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் தோல்வியுற்றார். 1919இல் கட்டடக்கலை பயில ஹார்லெம் நகரக் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கு ஆசிரியராக விளங்கிய சாமுவேல் யெசுரூன் டி மெஸ்கீட்டா, அவர்தம் கைத்திறனை அறிந்து அச்சோவியக் கலைக்கு ஆற்றுப்படுத்தினார். மரப்பலகையில் உருவைச் செதுக்கி, மை தடவி, தாளில் பதிக்கும் அக்கலையே எஷரின் வாழ்வாயிற்று.

1922இல் எஷர் ஸ்பெயினின் கிரனடா நகரை அடைந்தார். அங்கே நஸ்ரீ மரபினரான முஸ்லிம் மன்னர்கள் எழுப்பிய அல்ஹம்ரா மாளிகையின் சுவர்களில் வண்ண ஓடுகள் பதிக்கப்பட்டிருந்தன. விண்மீன் வடிவங்களும் பலகோண வடிவங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும், இடையில் வெற்றிடம் விடாமலும் இசைந்து கிடந்தன. அவ்வமைப்பு அவர் உள்ளத்தில் பதிந்தது. எனினும் அதன் சூட்சுமம் அன்று பிடிபடவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1936இல் மனைவி யெட்டாவுடன் அவர் மீண்டும் அங்குச் சென்றார். பயணத்திற்குத் தம் அச்சோவியங்களையே கட்டணமாகத் தருவதாகக் கப்பல் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டார். கணவனும் மனைவியும் அல்ஹம்ராவின் சுவர்முன் அமர்ந்து, ஓடுகளின் கோலங்களை நாள்தோறும் பொறுமையுடன் படியெடுத்தனர்.

அப்பயணத்திற்குப் பின், நிலவியல் பேராசிரியரும் அவர்தம் தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த தமையனாருமான பெரெண்ட், படிகவியல் ஆய்வுகளைப் படிக்குமாறு தூண்டினார். ஒரு தளத்தை மீண்டும் மீண்டும் வரும் வடிவால் நிரப்புவதற்குரிய ஒழுங்குமுறைகள் பதினேழே என்பதைப் படங்களுடன் விளக்கிய போல்யாவின் 1924ஆம் ஆண்டுக் கட்டுரை அவர் கைக்கு வந்தது. சமன்பாடுகள் அவருக்கு விளங்கவில்லை, படங்கள் விளங்கின. வடிவை நகர்த்தலாம், சுழற்றலாம், கண்ணாடி பிம்பம்போல் திருப்பலாம் என்னும் விதிகளைத் தாமே வரைந்து வரைந்து கண்டறிந்தார். அல்ஹம்ராவின் ஓடுகளில் உயிருருவங்கள் இல்லை. எஷரோ அவ்விதிகளைக் கொண்டே பறவை, மீன், பல்லி ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தினார். 1938இல் செதுக்கிய 'பகலும் இரவும்' ஓவியத்தில், வயல்வெளிக் கட்டங்களே படிப்படியாகப் பறவைகளாக மாறிப் பறக்கின்றன.

இதற்கிடையே பேரிடி ஒன்று விழுந்தது. நாஜிகளின் ஆதிக்கத்தில் நெதர்லாந்து நைந்திருந்த 1944இல், யூதர் என்பதனாலேயே ஆசான் டி மெஸ்கீட்டா மனைவியுடன் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆசானின் வீட்டில் சிதறிக் கிடந்த ஓவியத் தாள்களை எஷர் அள்ளிச் சென்று பாதுகாத்தார். மாணவன் ஆற்றக்கூடிய நன்றி அதுவொன்றே எஞ்சியிருந்தது.

1954இல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணித மாநாடு கூடியபோது எஷரின் ஓவியக் கண்காட்சியும் நடைபெற்றது. கோக்ஸ்டர், பென்ரோஸ் முதலிய கணிதர் அவர்தம் கலையில் தம் துறையைக் கண்டனர். பின்னர்க் கோக்ஸ்டரின் கட்டுரையிலிருந்த ஒரு படம், 1958இல் தொடங்கிய 'வட்ட எல்லை' ஓவிய வரிசைக்கு வித்தாயிற்று. கற்பதை நிறுத்தாத அக்கலைஞர் 1972ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் மறைந்தார்.

அல்ஹம்ராவில் ஓடு பதித்த கைவினைஞர்களின் பெயர்களை இன்று யார் அறிவார்? ஆயினும் தம் கலைக்கு அவர்களே ஊற்று என்பதை எஷர் மறைத்ததில்லை. தேர்வில் தோற்றவரும் சுவரைப் பார்த்துக் கற்கலாம். கற்றவர் கற்பித்தவரை மறவாதிருத்தல் வேண்டும். மாணவச் செல்வங்கள் எஷரின் வாழ்விலிருந்து பெறத்தக்கவை இவ்விரண்டுமே எனலாம்.