மரக்கால் அளவைத் தட்டிக் கேட்டவர்: பி.சீனிவாசராவ்

குத்தகை பாக்கி என்பது பணத் தகராறு. கணக்குப் பார்த்துத் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால், எண்பது ஆண்டுகளுக்கு முன்பு கீழத்தஞ்சையில் அந்தத் தகராறு காவல் நிலையத்தில்தான் முடிந்தது. தான் உழுது நட்ட நெல்லைத் தானே அறுத்த சாகுபடியாளர் மீது திருட்டு வழக்கு. வயலில் இறங்கினால் அத்துமீறல் வழக்கு. பாக்கி எவ்வளவு என்று சொல்லும் கணக்கு நோட்டு மட்டும் மிராசுதாரரின் வீட்டில் இருந்தது.

இந்த அநியாயத்துக்கு எதிராகச் சேரி மக்களைத் திரட்டியவர்களில் முதன்மையானவர் பி.சீனிவாசராவ். டெல்டா கிராமங்களில் பி.எஸ்.ஆர். என்றால்தான் தெரியும்.

1907-ல் தென்கன்னடப் பகுதியில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். விடுதலைப் போராட்டத்துக்காகக் கல்லூரிப் படிப்பை விட்டுச் சென்னைக்கு வந்தார். அந்நியத் துணிக்கடை மறியலில் காவலர்களிடம் கடுமையாக அடிபட்டார். சிறையில் பொதுவுடைமைக் கருத்துகள் அறிமுகமாயின. 1943-ல் கட்சி அவரைத் தஞ்சைக்கு அனுப்பியது.

மன்னார்குடி வட்டாரத்தில் உள்ள தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் கொடி ஏறியது. பி.எஸ்.ஆர். சேரியில் தங்கினார், அங்கேயே சாப்பிட்டார், மக்களோடு பேசிப் பேசியே அவர்களின் தமிழைக் கற்றுக்கொண்டார். அங்கே இருவகை மக்கள் இருந்தார்கள். மடங்களின், மிராசுதாரர்களின் நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்தவர்கள் ஒரு வகை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த பண்ணையாட்கள் இன்னொரு வகை. பண்ணையாட்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். எதிர்த்துக் கேட்டால் சவுக்கடி, வாயில் சாணிப்பால்.

சங்கத்தின் கோரிக்கைகள் எளிமையானவை. முத்திரையிட்ட மரக்காலில் அளக்க வேண்டும். கொடுத்த நெல்லுக்கு ரசீது தர வேண்டும். சவுக்கடியும் சாணிப்பாலும் நிற்க வேண்டும். அடித்தால் திருப்பி அடிக்கவும், யார் அடித்தது என்று போலீஸ் கேட்டால் ஊரே சேர்ந்து பதில் சொல்லவும் அவர் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தனி ஆள் மீது பொய் வழக்குப் போடுவது எளிது. ஊரே ஒன்றாக நின்றால் அது எளிதல்ல. 1944-ல் மன்னார்குடியில் மிராசுதாரர்கள் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சவுக்கும் சாணிப்பாலும் எழுத்தில் ஒழிந்தன.

இதில் பி.எஸ்.ஆர். பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமல்ல. களப்பால் குப்பு போன்ற தலித் தலைவர்கள்தான் சங்கத்தின் முதுகெலும்பு. குப்பு 1948-ல் சிறையிலேயே இறந்தார். வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பி.எஸ்.ஆர். தலைமறைவாக இருந்தே வேலை செய்தார்.

இந்தத் தியாகங்களின் விளைவுதான் 1952-ன் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு சாகுபடியாளருக்கு என்று அது சொன்னது. குத்தகைத் தகராறுகளை விசாரிக்கச் சமரச அதிகாரிகள் வந்தார்கள். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்குக் குறைவாக நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. நிலத்தைப் பிரித்து எழுதித் தப்பியவர்களும் உண்டு. 1955, 1956 ஆண்டுகளில் வந்த சட்டங்கள் வெளியேற்றத்தைத் தடுத்தன. நஞ்சை நிலத்தில் உடைமையாளரின் பங்கை 40 சதவீதமாகக் குறைத்தன.

நில உச்சவரம்புச் சட்டத்தின் ஓட்டைகளை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்த பி.எஸ்.ஆர்., 1961 செப்டம்பர் 30 அன்று காலமானார். வயது 54. ஏழு ஆண்டுகள் கழித்து, கூலி நெல் தகராறு முற்றிய வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பிரதான குற்றவாளி என்று தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்.

இன்றும் குத்தகையை வாய்ப்பேச்சாக வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் பெயரைப் பதிய முடியும். உடைமையாளர் குத்தகையை வாங்க மறுத்தால் வருவாய் நீதிமன்றத்தில் கட்ட முடியும். படித்த பிள்ளைகள் வீட்டில் அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: போன போகத்துக்குக் கொடுத்த நெல்லுக்கு ரசீது இருக்கிறதா? அந்தத் துண்டுக் காகிதத்தைக் கேட்டுத்தான் இந்த மண்ணில் பலர் சிறைக்குப் போனார்கள்.